எதுக்களித்த பால்

குழந்தை குடித்த பால் வாய்வழியே திரும்பி வருவதைச் சொல்ல நம் பெண்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளவில்லை. கக்குவது வேறு, எதுக்களிப்பது வேறு, ஓங்கரிப்பது வேறு, வாந்தி வேறு. சிரித்துக்கொண்டே இருக்கும் பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்தால் அது கக்கல். தொண்டைவரை வந்த பாலை விழுங்கி முகம் சுளித்தால் எதுக்களிப்பு. உடம்பை முறுக்கி, முதுகை வில்லாக வளைத்து, வெளியே தள்ள முடியாமல் தவித்தால் ஓங்கரிப்பு. நோயில்லாத கக்கலையும் நோயான எதுக்களிப்பையும் மருத்துவ நூல்கள் தெளிவாகப் பிரித்துப் பேசத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். பிள்ளைத்துணி துவைத்தவர்களின் மொழியில் அந்தப் பிரிவினை முன்பே இருந்தது. ‘கக்கின பிள்ளை தக்கும்’ என்ற சொலவடையும் அவர்களிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சொலவடை பெரும்பாலும் சரி. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. உணவை உள்ளே விட்டு வாயிலை மூடுவது அதன் வேலை. கைக்குழந்தைக்கு அந்தத் தசை அடிக்கடி நெகிழ்ந்து கொடுக்கிறது. இரைப்பை சிறியது, உணவோ முழுக்கத் திரவம், பிள்ளை நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கிறது. பால் மேலே வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1997இல் சிகாகோ வட்டாரத்தில் ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோரிடம் விசாரித்த ஓர் ஆய்வில், மூன்று மாதம்வரையான குழந்தைகளில் பாதிப் பேர் நாளுக்கு ஒருமுறையாவது கக்கினார்கள். நான்காம் மாதத்தில் அது 67 சதவீதத்தைத் தொட்டது. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உட்காரவும் திட உணவு தின்னவும் நிற்கவும் தொடங்கிய பிள்ளையிடமிருந்து கக்கல் தானாகவே விடைபெறுகிறது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடப்பதில்லை. அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். பாலைக் கண்டாலே அலறுகிறார்கள், எடை ஏறுவதில்லை, கக்கலில் இரத்தம் தெரிகிறது. சில குழந்தைகள் கழுத்தைத் திருகி உடம்பை வளைப்பதைப் பார்த்தவர்கள் வலிப்பு என்றே நினைத்தார்கள். அந்தத் திருகலுக்கும் இரைப்பைக்கும் உள்ள தொடர்பு 1960களில்தான் மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டது. நரம்பியல் மருத்துவர் பால் சாண்டிஃபர் பெயரால் இன்று அது அறியப்படுகிறது. அந்தக் குழந்தையின் தாயிடம் ‘கக்கின பிள்ளை தக்கும்’ என்று சொன்னால், ஆறுதலுக்குச் சொன்ன அந்த வாக்கியமே அவள் வாயை அடைத்துவிடும். பிள்ளை நன்றாக இருக்கும்போது அவள் ஏதோ தவறாகச் செய்கிறாள் என்றார்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே நோய் வந்தபோது அவள் மிகைப்படுத்துகிறாள் என்றார்கள். எதுக்களித்த பாலின் வரலாற்றைத் தேடப் போனால் கையில் சிக்குவது பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களின் வரலாறுதான்.

முதலில் பழி பாலின் மேல் விழுந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ், செவிலியின் பாலை ஒரு சொட்டு நகத்தில் விட்டு அது எப்படிப் பரவுகிறது, ஒட்டுகிறது என்று பார்த்துத் தரம் சொல்லச் சொன்னார். ஆயுர்வேத நூல்கள் பாலைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொல்கின்றன. தண்ணீரோடு சீராகக் கலந்தால் நல்ல பால். இழைபட்டால், நுரைத்தால், மூழ்கினால் குற்றமுள்ள பால். குற்றத்தின் காரணம் அவள் தின்றது, அவள் கோபம், அவள் துக்கம். சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் இன்னும் ஓர் அடி மேலே போகிறது. குழந்தைகளைப் பிடிக்கும் ஒன்பது கிரகங்களைச் சொல்கிறது. வாந்தி, பேதி, பால் குடிக்க மறுப்பது எல்லாம் அவற்றின் அடையாளங்களில் வருகின்றன. ஒன்பதில் ஆறு பெண். தாயோ செவிலியோ ஒழுக்கத்தில், சுத்தத்தில் தவறும்போது அவை பிள்ளையைப் பிடிக்கின்றனவாம்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி பூதனை. நமக்கு அவளைக் கண்ணன் கதையில் தெரியும். தாய் வேடத்தில் வந்து நஞ்சு தடவிய முலையைக் கொடுத்தவள், குழந்தை பாலோடு உயிரையும் உறிஞ்ச மாண்டவள். ஆழ்வார்கள் மீண்டும் மீண்டும் பாடிய காட்சி இது. மாணவர்களுக்கு இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் பக்தியின் சுவை ஒருபக்கம் இருக்க, வேறொன்றும் உறுத்தும். ஒரே பெயர் காவியத்தில் அரக்கி, மருத்துவ நூலில் நோய். தாய்ப்பாலே நஞ்சாகலாம் என்ற பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அதற்கு ஒரு பெண்ணின் முகமே வாய்த்தது.

நம் வீடுகளில் அந்தப் பயம் பத்தியமாக இறங்கியிருக்கிறது. பிள்ளைக்கு மாந்தம் என்றால் முதல் கேள்வி, ‘நீ என்னடி சாப்பிட்டே?’ என் மகள் மூன்றாம் மாதத்தில் ஓயாமல் கக்கியபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாகத் தடை போட்டுவிட்டுப் போனார்கள். கத்தரிக்காய், மொச்சை, மாம்பழம், பலா, குளிர்ந்த தண்ணீர், கடைசியில் தலைக்குக் குளிப்பது. எல்லாத் தடைக்கும் பிறகு என் தட்டில் மிஞ்சியது ரசமும் சுட்ட அப்பளமும். பசுவின் பால் புரதம் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்குத் தாய் பால் பொருட்களை நிறுத்தினால் குணம் தெரிவதுண்டு என்பது உண்மை. அந்தச் சிலருக்கு அது மருத்துவம். மற்ற எல்லோருக்கும் பத்தியம் ஒரு விசாரணை. பிள்ளை பெற்ற உடம்பு அதிகம் உண்ண வேண்டிய நாட்களில் குறைத்து உண்ணச் சொல்கிற விசாரணை.

இங்கிருந்து நாட்டிங்காம் போக வேண்டியிருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் நின்ற ஒரு புட்டியின் பிறந்த ஊர் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் சரிகைவலைத் தொழிலின் தலைநகரம். இயந்திரம் நெய்த வலைத்துணியில் பூவேலை போடும் வேலையைப் பெண்கள் வீட்டிலிருந்தபடி கையால் செய்தார்கள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. விடிந்ததிலிருந்து இரவு பத்து மணிவரை குனிந்து தைத்தால்தான் அன்றைய ரொட்டி. மடியில் சட்டகம் இருக்கும்போது பிள்ளையை எங்கே வைப்பது? பாலூட்டிய பிள்ளையைத் தோளில் சாய்த்து அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருக்க எந்தக் கை இருக்கிறது? 1843இல் வெளிவந்த, குழந்தைத் தொழிலாளர் நிலையை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கையில் இந்தப் பெண்களின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவர்கள் கொடுத்தது காட்ஃபிரேஸ் கார்டியல் என்ற மருந்து. சர்க்கரைப் பாகில் கரைத்த அபினி. மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. குழந்தை அழாது, கக்காது, தூங்கும். தூங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை பால் கேட்காது. பால் கேட்காத பிள்ளை மெலியும். அளவு மீறிய அபினியால் இறந்த குழந்தைகள் ஒருபுறம் இருக்க, பசியே தெரியாமல் பட்டினியில் போன குழந்தைகளும் உண்டு.

அக்காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் இந்தத் தாய்மார்களை அறியாமை பிடித்தவர்கள், இரக்கமற்றவர்கள் என்றார்கள். அவர்களுக்குப் பதில் சில ஆண்டுகளில் வேறு ஊரிலிருந்து வந்தது. 1861 முதல் 1865வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தன. அந்த மாவட்டத்தின் நிலையைப் பார்க்க அனுப்பப்பட்ட மருத்துவர் எட்வர்ட் ஸ்மித், வேலையிழந்த பெண்களுக்குப் பிள்ளைக்குப் பாலூட்ட நேரம் கிடைத்திருப்பதையும் அபினிப் பாகு குறைந்திருப்பதையும் குறிப்பிட்டார். மார்க்ஸ் இதை ‘மூலதனம்’ முதல் தொகுதியில் எடுத்தாள்கிறார். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் கைப்பிள்ளைக்கு மட்டும் தாயின் நேரம் கிடைத்தது. அந்தப் பெண்களிடம் இல்லாமல் போனது அறிவோ இரக்கமோ அல்ல, இரண்டு கைகளும் சில மணி நேரமும்தான் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி தேவையில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் 1849 முதல் விற்பனைக்கு வந்த ‘மிசஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்’பில் இருந்தது மார்ஃபின். ஒரு பெண்ணின் பெயரை, அதுவும் அனுபவமுள்ள செவிலியின் பெயரை, புட்டியின் மேல் ஒட்டினால் தாய்மார்கள் நம்புவார்கள் என்பதை அந்த வியாபாரிகள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள். 1906இல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டம் வந்து புட்டியின் மேல் உள்ளே இருப்பதை எழுத வைத்தது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த வகை மருந்துகளைக் குழந்தைக் கொல்லிகள் என்று பட்டியலிட்டது. நம் நாட்டிலும் பம்பாய் பஞ்சாலைப் பெண்கள் ‘பாலகோலி’ என்ற அபினி உருண்டையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். மகப்பேறு உதவிச் சட்டம் பம்பாய் மாகாணத்தில் 1929இலும் சென்னை மாகாணத்தில் 1934இலும் வந்தது. இந்த இரண்டு செய்திகளையும் பாடநூல்கள் தனித்தனிப் பக்கங்களில் வைக்கின்றன. ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டியவை.

அதே நாட்டிங்காமில் 1851இல் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் வேறொரு கலவையைச் செய்தார். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் பரவிய காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து, குழந்தைகளின் வயிற்றுப் பொருமலையும் தணிப்பதைக் கவனித்துச் செய்த கலவை என்பார்கள். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால். அபினி இல்லை, அந்த வகையில் முன்னேற்றம்தான். 1876இல் ‘கிரைப் வாட்டர்’ என்ற பெயர் பதிவானது. முத்திரைப் படத்தில் பாம்பை நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸ். எங்கள் பாட்டி கடைசிவரை அதைக் காளிங்கனை அடக்கும் கண்ணன் என்றே நினைத்திருந்தார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. கிரேக்கக் கதையில் இந்த ஹெர்குலிஸ் ஹேராவின் முலையில் குடித்தபோது அவள் தள்ளிவிட, சிந்திய பால்தான் வானத்தில் பால்வீதி ஆனதாம். சிந்திய பாலை வானத்தில் வைத்தவர்கள் துணி துவைத்தவர்களாக இருக்க முடியாது.

சதகுப்பையும் சோடா உப்பும் நம் பெண்களுக்குப் புதியவை அல்ல. ஒன்று பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமானில் இருந்தது, மற்றொன்று ஆப்ப மாவில் இருந்தது. வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார்கள். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். ஓமத்தண்ணீர் புகட்டினார்கள். குடலேற்றம் தட்டவும் உரம் எடுக்கவும் தொக்கம் எடுக்கவும் ஊருக்கு ஒரு மூதாட்டி இருந்தாள். இவற்றைப் பொற்காலமாகப் பேசும் எழுத்தில் எனக்கு உடன்பாடில்லை. பச்சைப் பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் ஆபத்தானவை. ஆனால் அந்தக் கிழவியிடம் போன தாய்க்கு ஒன்று கிடைத்தது. பிள்ளையை அவள் கையிலிருந்து இன்னொருத்தி சற்று நேரம் வாங்கிக்கொண்டாள். புட்டி வந்தபோது அந்த இன்னொருத்தி போய்விட்டாள். அல்லது விளம்பரத்துக்குள் போய்ச் சேர்ந்தாள். 1980களில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளை அழுகிறது, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பின்னோக்கிப் போய், உனக்கும் இதைத்தானே கொடுத்தேன் என்கிறார்கள். பாட்டியின் கைப்பக்குவத்தின் இடத்தில் கம்பெனியின் புட்டியை வைத்துவிட்டு, குரலை மட்டும் பாட்டியிடமிருந்தே வாங்கிக்கொண்ட சாமர்த்தியம் அது. 1992இல் பிரிட்டனில் கிரைப் வாட்டரிலிருந்து ஆல்கஹால் நீக்கப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுகள் பிள்ளைகள் அமைதியானதற்கு எது காரணம் என்று அதுவரை யாரும் உரக்கக் கேட்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பழி பாலிலிருந்து தாயின் கடிகாரத்துக்கும் மனதுக்கும் நகர்ந்தது. நியூசிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால் என்றார். கேட்டபோதெல்லாம் கொடுத்தால் வயிறு கெடும். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூலில் பிள்ளையைக் கொஞ்சாதே, காலையில் கைகுலுக்கு என்றார். மகிழ்ச்சியான குழந்தையை வளர்த்துக் காட்டும் முதல் தாய்க்கு என்று அந்த நூலை அவர் காணிக்கையாக்கியிருக்கிறார். அதாவது அதுவரை உலகத்தில் ஒருத்திகூட இல்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் கக்கியதை மீண்டும் அசைபோடும் குழந்தைகளுக்கும் ஓயாது அழும் குழந்தைகளுக்கும் தாயின் பதற்றமே காரணம் என்ற கட்டுரைகள் வந்தன. ஆறு வாரம் தூங்காத ஒருத்தி பதற்றமாக இருக்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையா? எது காரணம், எது விளைவு என்று கேட்கத்தான் ஆய்வு தேவைப்பட்டது.

இதற்கிடையே 1947இல் நியூஹவுசர், பெரன்பெர்க் என்ற இரு மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் பார்த்து, குழந்தைகளின் இரைப்பை வாயில் தளர்ந்திருப்பதே வாந்திக்குக் காரணம் என்று எழுதினார்கள். தசை கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறியது. அறிவுரைகள் நின்றுவிடவில்லை. பிள்ளையைச் சாய்வு நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வை என்றார்கள். பல ஆண்டுகள் வைத்தார்கள். 1983இல் சூசன் ஓரன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் அளந்து பார்த்தபோது, அந்த நாற்காலியில் வயிறு மடங்கி எதுக்களிப்பு கூடுவது தெரிந்தது. குப்புறப் படுக்க வைப்பதே மேல் என்றார்கள். படுக்க வைத்தார்கள். குப்புறப் படுத்த குழந்தைகள் தூக்கத்திலேயே இறக்கும் அபாயம் அதிகம் என்று தெரிந்து, 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மல்லாத்திப் படுக்க வையுங்கள் என்ற பிரச்சாரம் வந்தது. திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கக்கும் பிள்ளைக்கும் இன்று அதுவே விதி. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வதில் எனக்கு மரியாதை உண்டு. ஒவ்வொரு திருத்தத்தையும் இரவு இரண்டு மணிக்கு நடைமுறைப்படுத்தியவள், பழைய விதிப்படி படுக்க வைத்ததற்காகப் பிறகு தன்னையே நொந்துகொண்டவள், எந்தக் கட்டுரையிலும் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மாத்திரைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரைப்பையை வேகமாகக் காலியாக்க சிசாப்ரைடு கொடுத்தார்கள். இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்று 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பிறகு அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளின் காலம். 2009இல் அதே ஓரன்ஸ்டீன் தலைமையில் 162 கைக்குழந்தைகளிடம் லான்சோபிரசோலைச் சோதித்தார்கள். மருந்து குடித்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு அழுகை தணிந்தது. வெறும் இனிப்பு நீர் போன்ற போலி மருந்து குடித்தவர்களிலும் 54 சதவீதம் பேருக்கே தணிந்தது. மருந்து குடித்த பக்கத்தில் நெஞ்சுச் சளித் தொற்று அதிகம். புண்ணான உணவுக்குழாய்க்கு இந்த மருந்துகள் தேவை, அதை மறுக்க முடியாது. எடை ஏறாத பிள்ளை, இரத்தமோ பச்சையாகவோ வாந்தி எடுக்கும் பிள்ளை, பீய்ச்சி அடிக்கும் பிள்ளை, மருத்துவமனைக்குப் போக வேண்டிய பிள்ளை. மற்றக் குழந்தைகளுக்கு இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது என்ன? கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடு, ஏப்பம் எடு, குடித்ததும் சற்று நேரம் நிமிர்த்திப் பிடி, காலம் கடக்கட்டும்.

நிமிர்த்திப் பிடி. நாளுக்கு எட்டு முறை பால், ஒவ்வொரு முறைக்கும் அரைமணி. ஊட்டும் நேரமும் துணி மாற்றும் நேரமும் போக நான்கு மணி நேரம் ஒருவர் வெறுமனே ஒரு தூணாக நிற்க வேண்டும். மருந்துச் சீட்டில் எழுதப்படும் இந்தச் சிகிச்சைக்கு மட்டும் யாரும் விலை போடுவதில்லை. தூணுக்குப் பால் சுரக்க வேண்டிய அவசியம் இல்லை, தகப்பன் தோளும் போதும். மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு விடுப்பு 15 நாள். கக்கல் உச்சத்துக்கு வருவதோ நான்காம் மாதத்தில். 2017 திருத்தம் மகப்பேறு நலச் சட்டத்தில் தாய்க்கான விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓர் ஆண்டு. வீட்டு வேலை செய்பவளுக்கும் சித்தாளுக்கும் இந்த வாரக் கணக்கு எதுவும் இல்லை.

எங்கள் துறைக்குக் கூட்டிப் பெருக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டாவது பிள்ளை பிறந்த அறுபத்தேழாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதற்கு மேல் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தான். பிள்ளையை அவள் அம்மா பார்த்துக்கொள்கிறார். மதியம் அவள் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டி, இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றேன், பிள்ளையைக் கொஞ்ச நேரம் தோளில் வைத்திருந்தாலே போதும் என்றேன்.

“அம்மாவுக்கு முட்டிவலி மேடம், தூக்கிட்டு நிக்க முடியல” என்றாள். “கீழ போட்டா கக்கிடறான். நான் போறதுக்கு ஆறு மணி ஆவுது.”